வெற்றுத்தாளின் எடை

கமிசவா, இனா பள்ளத்தாக்கு
மார்ச் 9, 1986

அன்புத் தம்பி யசுஜிக்கு,

கூரையில் கிடந்த பனி மொத்தமும் நேற்று ஒரே சத்தத்தோடு வாசலில் விழுந்தது. இனிமேல் இங்கே வசந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓசாகாவில் பிளம் பூத்து முடிந்திருக்கும். உன் இருமல் விட்டதா? ராத்திரிச் சாப்பாட்டை ஆய்வகத்திலேயே நின்றபடி சாப்பிடுகிறாயாமே, அதை முதலில் விடு.

நாங்கள் இருவரும் சுகம். உன் அத்தான் வழக்கம்போல வாயைத் திறப்பதில்லை. முந்தாநாள் சாப்பிடும்போது “மழை” என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

ஒரு விஷயம். இனி தொலைபேசியில் கூப்பிடாதே. அது கீழே பழக்கொட்டகையில் இருக்கிறது. நான் படி இறங்கி வருவதற்குள் மூச்சு வாங்குகிறது, வந்து எடுத்தால் நீ “ம், சரி, வெச்சுடறேன்” என்கிறாய். கடிதமென்றால் நான் சாவகாசமாகத் திட்டலாம்.

திட்ட வேண்டியது இதுதான். மூன்று வருஷமாக நீ ஓபோன் பண்டிகைக்கு வரவில்லை. செத்துப்போன அப்பாவும் அம்மாவும் ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். உயிரோடிருக்கும் உனக்கு வழி தெரியவில்லை. நாற்பத்தொரு வயசாகிறது, கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை, அங்கே அப்படி யார் உன்னைக் கட்டி வைத்திருக்கிறார்கள்? இந்த வருஷம் நீ கட்டாயம் வரவேண்டும். இந்த வருஷம் வா.

ஐந்து தாள் எழுதிவிட்டேன், கை வலிக்கிறது.

காற்று இன்னும் குளிர்ந்துதான் வீசுகிறது, கழுத்தை மூடிக்கொள்.
அக்கா கயோக்கோ


ஓசாகா
மார்ச் 24, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

செர்ரி மொட்டுகள் உப்பிக்கொண்டு நிற்கின்றன, இன்றைக்கா நாளைக்கா என்று. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள். என் இருமல் போய்விட்டது.

யார் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாயே, சொல்கிறேன். எங்கள் மருந்து ஆய்வகத்துக்குப் புதிய பிரிவுத் தலைவர் வந்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார். தும்மினால்கூட அவருக்குத் தெரியும். அவர் ஒரு தராசு.

சிரிக்காதே. இதுவரை தராசு என்றால் நிறுக்க, அவ்வளவுதான். நான் அதிலிருந்து கம்பி இழுத்து, திரவம் ஊற்றும் பம்ப், கலக்கி, சூடாக்கும் தட்டு எல்லாவற்றையும் அதன் கீழே கொண்டுவந்துவிட்டேன். பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து, பூஜ்யம் பொத்தானை அழுத்திவிட்டால் போதும். நானூறு கிராம் ஏறியதும் தராசே பம்பை நிறுத்தும். கலக்கியைச் சுற்றவிடும். பக்கத்தில் இருக்கும் சூட்டுத் தட்டை அணைக்கும். எடையை வைத்தே அத்தனை உத்தரவும் போகிறது. மனிதர் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

எங்கள் ஓனுக்கி இருக்கிறாரே, முப்பது வருஷம் கையால் ஊற்றிப் பழகியவர், தினமும் காலையில் தராசுக்கு முன்னால் இடுப்பு வளையக் கும்பிடு போடுகிறார். “ஏம்ப்பா யசுஜி, தலைவருக்கு இன்னும் பதவி உயர்வு வரலையா? வந்தா விருந்து உன் செலவுதான்!” என்று கிண்டல்.

உன் கடிதத்தையும் தலைவர் மேல் வைத்துப் பார்த்தேன். உறையோடு 14.2 கிராம். அவ்வளவு திட்டு!

ஓபோனுக்கு நிச்சயம் வருகிறேன். போதுமா?

பனி உருகிய பாதை வழுக்கும், பார்த்து நட.
யசுஜி


கமிசவா
மே 25, 1986

அன்புத் தம்பிக்கு,

மலையெல்லாம் பச்சை. குயில் காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. நீ சுகமா? உங்கள் தலைவர் சுகமா?

பதில் போட இரண்டு மாதமாகிவிட்டதே என்று கோபிக்காதே. சீமைப்பனிச்சை மரங்களில் மொட்டுக் கிள்ளும் சமயம். ஒரு கிளைக்கு ஒரு மொட்டை விட்டுவிட்டு மீதியைக் கிள்ளியெறிய வேண்டும், அப்போதுதான் பழம் பருக்கும். இந்த வருஷம் அத்தான் ஏணியில், நான் கீழே பாயில் உட்கார்ந்து வேடிக்கை. “அங்க ஒண்ணு விட்டுட்டீங்க” என்று கத்துவதுதான் என் வேலை. ராணி மாதிரி இருக்கிறேன்.

பெட்டியைத் திறந்து கல்யாணத்துக்கு எடுத்த கிமோனோவைக் கட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு வயசில் இடுப்புப் பட்டை எங்கே முடிந்ததோ அங்கேயே முடிகிறது! சொல்லப்போனால் ஒரு சுற்று மிச்சம்கூட வருகிறது. ஊர்ப் பெண்கள் பொறாமைப்படுவார்கள்.

உங்கள் தலைவரைப் பற்றி அத்தானிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “தராசை யார் பார்த்துக்கறாங்க?” என்றார். நீயே பதில் சொல்லிக்கொள்.

ஓபோனுக்கு உனக்குப் பிடித்த வாதுமைப் பருப்பு போட்ட மோச்சிப் பலகாரம் செய்கிறேன். இப்போதே சொல்லிவைக்கிறேன், அத்தான்தான் மாவு இடிப்பார்.

மழைக்காலம் வருமுன் படுக்கையை வெயிலில் போடு.
அக்கா


ஓசாகா
ஜூன் 22, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு நாளாக மழை. சுவரெல்லாம் வியர்க்கிறது. அங்கே ஆற்றில் தண்ணீர் ஏறவில்லையே? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் 12.2 கிராம். ஒரு தாள் குறைத்துவிட்டாய். மொட்டுக் கிள்ளிய களைப்பு என்று விட்டுவிடுகிறேன்.

தலைவருக்கு இங்கே ஒரு சின்னத் தொல்லை. குளிர்சாதனம் போட்டதும் காற்று பட்டுப்பட்டு, ஒன்றும் வைக்காதபோதே எண் ஆடிக்கொண்டிருந்தது. 0.01, 0.03, மறுபடி 0.01. பார்க்கிற எல்லோருக்கும் எரிச்சல். இயக்குநர்கள் வந்து பார்க்கும்போது எண் இப்படித் தத்தளித்தால் மானம் போய்விடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தராசுக்குள்ளேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மெதுவாக நடக்கும் சின்ன மாற்றத்தை அது மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாது, உடனுக்குடன் துடைத்துப் பூஜ்யமாக்கிவிடும். அதைப் போட்டுவிட்டேன். இப்போது 0.00 என்று பளிச்சென்று நிற்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ஓனுக்கி மட்டும், “தலைவருக்குத் தூக்க மருந்து குடுத்துட்டியாப்பா?” என்றார்.

அக்கா, கோபிக்காமல் கேள். இயக்குநர்கள் பார்வையிடுவது ஆகஸ்ட் பதினெட்டு. ஓபோன் விடுமுறையில் தொழிற்சாலை மூடியிருக்கும், தரை அதிராது, அந்த ஒரு வாரத்தில்தான் தராசை ஒழுங்காகச் சோதிக்க முடியும். அதனால் இந்த ஓபோனுக்கும் வர முடியாது. அம்மா அப்பாவிடம் நீயே மன்னிப்புக் கேட்டுவிடு. இலையுதிர் காலத்தில் நிச்சயம்.

நனைந்த காலோடு இருக்காதே.
யசுஜி


கமிசவா
ஜூலை 29, 1986

தம்பிக்கு,

மழை நின்றதும் வெயில் கொளுத்துகிறது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

ஓபோனைப் பற்றிக் கவலைப்படாதே. வேலைதான் முக்கியம். அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குக் கொஞ்சம் கோடை இளைப்பு. யாருக்குத்தான் இல்லை? கஞ்சியும் ஊறிய பிளம் பழமும்தான் இறங்குகிறது. காற்றுக் குளிர்ந்தால் சரியாகிவிடும்.

ஒரு தாளோடு முடிந்துவிட்டது. அம்மா இருந்தால், “ஒத்தைத் தாள்ல கடுதாசி போடறியே, சாவுச் சேதியா சொல்றே?” என்று திட்டுவாள். அதனால் ஒரு வெற்றுத்தாளைச் சேர்த்து வைக்கிறேன். எழுதியதாக நினைத்துப் படித்துக்கொள்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள்.
அக்கா


ஓசாகா
ஆகஸ்ட் 20, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

சுவர்க்கோழி கத்த ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் புழுக்கம் குறையவில்லை. கோடை இளைப்பு நீங்கியிருக்கும் என்று நம்புகிறேன். விலாங்கு மீன் வாங்கிச் சாப்பிடு, அத்தானிடம் சொல்.

பார்வையிடல் பிரமாதமாக நடந்தது! நானூறு கிராமுக்குத் துளி கூடவில்லை, குறையவில்லை. பம்ப் நின்றது, கலக்கி சுற்றியது, தட்டு அணைந்தது. ஒருவரும் எதையும் தொடவில்லை. மூத்த இயக்குநர் தன்னை அறியாமல் தராசுக்குத் தலை வணங்கிவிட்டார். ஓனுக்கி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். இனி விடுமுறை நாட்களிலும் ஆளில்லாமல் ஓடவிடலாம் என்று உத்தரவு வந்துவிட்டது.

உன் வெற்றுத்தாளைத் தனியாக நிறுத்தேன். இரண்டு கிராம். எழுதிய தாளும் சரியாக இரண்டு கிராம். தராசுக்கு எழுத்துத் தெரியாது அல்லவா, அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

சந்தோஷத்தில் உன் பேச்சை மீறிப் பதினெட்டாம் தேதி கூப்பிட்டுவிட்டேன். அத்தான் எடுத்தார். “குளிக்கிறா” என்றார். பகல் மூன்று மணிக்கு என்ன குளியல்? நீ உண்மையிலேயே ராணிதான். ஒரு புகைப்படம் அனுப்பேன், பார்த்து ரொம்ப நாளாயிற்று.

இரவில் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்காதே.
யசுஜி


கமிசவா
செப்டம்பர் 28, 1986

யசுஜிக்கு,

அத்தான் எழுதுவது. நலமா? இங்கே நெல் அறுத்தாகிவிட்டது.

நான் எழுதியதாக அக்காவுக்குத் தெரிய வேண்டாம். நவம்பர் முதலில், காயவைக்கப் பழம் சீவ ஆரம்பிப்போம். அதற்கு முன்னால் நீ ஒருமுறை வந்தால் நல்லது. கை போதவில்லை.

எனக்கு எழுத வராது. மன்னித்துக்கொள். முறைக்கு ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன்.

மொரிஹிகோ


ஓசாகா
அக்டோபர் 8, 1986

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

வானம் உயர்ந்து தெளிந்த இந்த நாட்களில் நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள். நீங்களாகவே கடிதம் எழுதியதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். சீவும் வேலைக்கு எவ்வளவு சிரமப்பட்டால் உங்களைப் போன்றவர் பேனாவை எடுப்பார் என்று புரிகிறது.

எனக்கு இப்போது ஒரு நாள்கூட நகர முடியாத நிலை. விடுமுறை ஓட்டத்துக்கு எல்லாம் தயார் செய்ய வேண்டும். அதனால் என் கைக்குப் பதிலாக, பழத்தின் தோல் சீவும் மின்கருவி ஒன்றை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பழத்தைக் குத்திவைத்து மிதிகட்டையை மிதித்தால் போதும். ஒரு ஆள் நான்கு ஆள் வேலை செய்யலாம். அக்கா உட்கார்ந்தபடியே செய்யலாம்.

புத்தாண்டுக்கு நிச்சயம் வருவேன். இரவுக் குளிர் ஏறும் காலம், கவனமாக இருங்கள்.
யசுஜி


கமிசவா
அக்டோபர் 27, 1986

தம்பிக்கு,

மலை உச்சியில் முதல் வெள்ளை விழுந்தது. உன் உடம்பு எப்படி?

கருவி வந்தது. சத்தம்தான் கொஞ்சம் அதிகம். படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துத் தரச் சொல்லி, முன்னாலேயே பழுத்ததில் எட்டுப் பழம் நானே சீவினேன். தோல் அறாமல் நீள வந்தது. அத்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அந்த எட்டும் உனக்கு.

உங்கள் தலைவர் எப்போதாவது தப்புப் பண்ணுவாரா? சும்மா கேட்டேன்.

புகைப்படம் அப்புறம் அனுப்புகிறேன். இரண்டாம் தாள் வழக்கம்போல.

போர்வையைத் தடிமனாக மாற்று.
அக்கா


ஓசாகா
நவம்பர் 11, 1986

அக்கா,

வழக்கமான முகவுரை எழுத மனசில்லை, பொறுத்துக்கொள்.

தலைவர் தப்புப் பண்ணிவிட்டார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. நவம்பர் மூன்று விடுமுறை. ஆளில்லாமல் ஓடவிட்டிருந்தோம். பம்பின் குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டு, திரவம் ஓடாமல் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது. அவ்வளவு மெதுவாக ஏறியதைத் தராசு ஏற்றமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சொட்டையும் துடைத்துத் துடைத்துப் பூஜ்யம் என்றே காட்டியிருக்கிறது. பாத்திரம் நிரம்பி வழிந்து, அணையாத சூட்டுத் தட்டுக்கு ஓடித் தீப்பிடித்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவை மறந்துவைத்துவிட்டு, மனைவி திட்டினாள் என்று எடுக்க வந்த ஓனுக்கி கதவைத் திறந்திருக்கிறார். தீயை அணைத்தது அவர்தான். வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று.

மருத்துவமனையில் அவர் கட்டிலுக்கு முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்தேன். அவர்தான் பேசினார்.

“எழுந்திருப்பா. பக்கத்துக் கட்டில்காரன் நான் ஏதோ பெரிய ஆள்னு நெனச்சுக்கப் போறான். உன் தராசு பொய் சொல்லலையே. மெதுவா ஏறினா கண்டுக்காதேன்னு நீ சொல்லிவெச்சே, அது கேட்டுது. எண் ஆடினா நமக்கெல்லாம் எரிச்சலா இருந்துது, அதான் வினை.”

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உன் கடிதங்கள் மேசையில் இருந்தன. மார்ச்சில் ஐந்து தாள். மே மாதம் நான்கு. ஜூலையில் ஒன்று, அதோடு ஒரு வெற்றுத்தாள். அக்டோபரில் ஒன்று, அதோடு ஒரு வெற்றுத்தாள். கடைசி இரண்டும் 8.2 கிராம். எடை குறையவில்லை என்று நான் திருப்தியாக இருந்திருக்கிறேன், மடையன். படியில் மூச்சு வாங்குகிறது. பாயில் உட்கார்ந்து வேடிக்கை. இடுப்புப் பட்டை ஒரு சுற்று மிச்சம். கஞ்சி. பகல் மூன்று மணிக் குளியல். “படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துத் தரச் சொல்லி”. ஒவ்வொன்றாக வந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லித் துடைத்துவிட்டேன். அத்தான் கை போதவில்லை என்று எழுதினார். நான் கருவி அனுப்பினேன்!

அக்கா, உனக்கு என்ன?

பதில் எழுதாதே. நான் வருகிறேன். இங்கே விசாரணை வெள்ளிக்கிழமை முடிகிறது. சனிக்கிழமை, பதினைந்தாம் தேதி, முதல் ரயில். எனக்கு மோச்சி வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நீ படுத்தபடியே திட்டு.

யசுஜி


கமிசவா
டிசம்பர் 6, 1986

யசுஜிக்கு,

சடங்கு சமயத்தில் உன்னிடம் பேச முடியவில்லை. எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எழுதுகிறேன்.

பிப்ரவரியிலேயே வயிற்றில் புற்று என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவளிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லவில்லை. அவள் எப்படியோ தெரிந்துகொண்டாள், அதை என்னிடம் சொல்லவில்லை. எட்டு மாதம் ஒரே கூரையின் கீழ் இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்தோம். உன் கருவி வந்த அன்று, எட்டாவது பழத்தைச் சீவி முடித்ததும், “அடுத்த வருஷம் இதுல நீங்களே சீவிக்கலாம்” என்றாள். அப்போதுதான் இருவரும் அழுதோம்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். “அவன் வேலை முடியட்டும். தானா கேட்டான்னா சொல்லுங்க” என்றாள்.

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி காலையில் வந்தது. நான் படித்துக் காட்டினேன். உனக்கு என்ன என்று நீ கேட்ட இடத்தில் சிரித்தாள். “கண்டுபிடிச்சுட்டான் பாருங்க.” பிறகு இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். “சனிக்கிழமைன்னா எத்தனை நாள்?” என்றாள். இரண்டு என்றேன். “ரெண்டு நாள்தானே” என்றாள். மறுநாள் பகலில் போய்விட்டாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

உன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கும் இல்லை.

எட்டுப் பழமும் காய்ந்து, மேலே சர்க்கரை வெள்ளையாகப் பூத்துவிட்டது. அனுப்பியிருக்கிறேன்.

துக்கம் இரண்டாம் முறை வரக் கூடாது என்பார்கள். அதனால் முறைப்படி ஒற்றைத் தாளில் எழுதுகிறேன்.

மொரிஹிகோ


ஓசாகா
டிசம்பர் 14, 1986

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

அங்கே பனி இறங்கியிருக்கும். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா? சாப்பிடுங்கள். இது அக்கா எழுதியிருக்க வேண்டிய வரி, அவளுக்காக நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான் தராசில் வைக்கவில்லை. உறையை எடுத்ததுமே ஒற்றைத் தாள் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. பழங்களையும் நிறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சாப்பிட்டேன். தின்னத் தின்ன அழுகை வந்தது. மீதி ஏழையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஓனுக்கி திரும்பி வந்துவிட்டார். விரல்கள் முழுதாக மடங்கவில்லை, இடது கையால் எழுதப் பழகுகிறார். தராசில் நான் போட்டிருந்த அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டேன். இப்போது எண் நாள் முழுக்க ஆடுகிறது. 0.01, 0.03. யாரும் முணுமுணுப்பதில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். தராசை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மே மாதமே கேட்டீர்கள். அன்றைக்கு உங்களுக்குப் பதில் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு நாள். ஓபோனில் வந்திருக்கலாம். உங்கள் கடிதம் கண்டதும் வந்திருக்கலாம். விசாரணையைத் தூக்கியெறிந்துவிட்டுப் பன்னிரண்டாம் தேதியே ரயில் ஏறியிருக்கலாம். நீங்கள் கோபம் இல்லை என்கிறீர்கள். எனக்கு என் மேல் இருக்கிறது, அது போகாது.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு இருபத்தேழாம் தேதியே வந்துவிடுகிறேன். புத்தாண்டு முடியும் வரை உங்களோடு இருப்பேன். இந்த முறை நிச்சயம் என்ற வார்த்தையைப் போடவில்லை, டிக்கெட் வாங்கிவிட்டேன்.

இந்த உறையில் ஒரு வெற்றுத்தாளும் இருக்கும். முறை தெரியாமல் வைத்ததாக நினைக்காதீர்கள். துக்கக் கடிதத்தில் இரண்டாம் தாள் கூடாது, வைத்தால் வந்தது மறுபடி வரும் என்பது எனக்கும் தெரியும். அது அவள் ஜூலையில் எனக்கு அனுப்பிய தாள். மறுபடி வருவதென்றால் அவளும்தானே வரவேண்டும்? வரட்டும் அத்தான். ஓபோன் முதல் நாளே நான் அங்கே இருப்பேன்.

அடுப்பை அணைக்காமல் தூங்கிவிடாதீர்கள்.
யசுஜி